வெயிலுக்கு ஓடி ஒளிகிற உயிர்

என் மகன் பாலைவனத்தில் வேலைக்குப் போன பிறகுதான் இப்படி ஒரு உயிர் உலகத்தில் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. கர்த்தர் படைத்தவற்றில் நான் அறிந்தது கொஞ்சம். வாழை தெரியும், வாழைத் தண்டைத் துளைக்கிற புழு தெரியும், தென்னங்குருத்தைத் தின்கிற வண்டு தெரியும். குலை வாங்கி வடசேரிச் சந்தைக்கு ஏற்றி அனுப்புவதுதான் இத்தனை காலமும் என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். இதில் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் வேலை செய்தது எண்ணெய்க் குழாய் பதிக்கிற இடத்தில். ஊர் என்று ஒன்றும் கிடையாது. மணலும் கல்லும்தான், நடுவில் ஆட்கள் தங்குகிற தகர அறைகள் வரிசையாக. வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவான். ஒரு வெள்ளிக்கிழமை முகத்தைக் காட்டாமல் தரையைக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று நின்றது. காய்ந்த வைக்கோலின் நிறம். உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். தலை இருக்க வேண்டிய இடத்தில் நண்டுக் கொடுக்கு போல இரண்டு தடித்த தாடைகள்.

"அப்பா, இத பாத்தியளா? ஒட்டகச் சிலந்தின்னு சொல்லுதாவ. ஆனா சிலந்தி இல்லியாம். வலையும் கட்டாது."

"பத்துக் காலுல்லா இருக்கு மக்கா?"

"நல்லா எண்ணுங்க. காலு எட்டுதான். முன்னால தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கே, அது ரெண்டும் கை மாதிரி. கண்ணு தெரியாதவன் கம்பு தட்டிட்டுப் போவாம்லா, அது போல தடவிட்டே ஓடும்."

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "ஏலே, கிட்டப் போவாத! தூர மாறு!"

"கடிக்கும், ஆனா வெசம் கெடையாதும்மா. உங்கள விட சாதுவாக்கும்."

"நீ வீட்டுக்கு வா, எவ்வளவு சாதுன்னு காட்டுதேன்."

அவன் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. முதல் தடவை அது தன்னைத் துரத்தியபோது வேலையிடம் முழுக்க ஓடினதாகச் சொன்னான். பட்டப்பகலில் ஒரு குழாயைப் புரட்டினார்களாம். அடியிலிருந்து அது புறப்பட்டு நேரே இவனைப் பார்த்து வந்தது. இவன் ஓட, அதுவும் பின்னாலேயே ஓடி வந்தது. இவன் வளைந்தால் அதுவும் வளைந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அது இவனைத் துரத்தவில்லை, இவனுடைய நிழலைத் துரத்தியது. வெயில் அதற்கு ஆகாது. பகலெல்லாம் குழிக்குள்ளும் கல்லுக்கடியிலும் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் இரை தேட வெளியே வரும். தெரியாமல் பகலில் வெளியே வந்துவிட்டால் எங்கே ஒரு நிழல் கண்ணில் படுகிறதோ அங்கே ஓடிப்போய்ப் புகுந்துகொள்ளும். அது மரத்தின் நிழலா மனுஷனின் நிழலா என்று அதற்குத் தெரியாது.

"வெயிலத் தாங்க முடியாத சாதனத்தக் கொண்டு போயி கர்த்தர் வெயிலுக்க நடுவில விட்டிருக்காரு பாத்தியளாப்பா" என்றான்.

அதன் பிறகு ஓர் ஆவணி மாதம், மத்தியானம், குழாய்ப் பக்கத்தில் நின்றவன் தலை சுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்த, எங்கள் பக்கத்து முட்டம் ஊர்ப் பையன் ஒருவன்தான் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி, மடியில் போட்டு, வண்டி வரும் வரைக்கும் துண்டால் வீசிக்கொண்டிருந்திருக்கிறான். வெயிலடி என்று சொன்னார்கள். இருபத்தாறு வயது. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. உடல் திருவனந்தபுரம் வந்தது. அங்கிருந்து எடுத்து வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். என் மனைவி அன்று அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த முட்டத்துப் பையன் சில வாரங்கள் கழித்து லீவில் வந்தான். வரும்போது என் மகனுடைய பெட்டியைக் கொண்டு வந்தான்.

வெளிநாட்டுப் பெட்டி வீட்டுக்கு வருகிறதென்றால் எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நைலான் கயிறு வரிந்து கட்டி, நாலு பக்கமும் கறுப்பு மையில் பேர் எழுதியிருக்கும். கயிற்றை அறுக்கும் முன்பே சொந்தம் முழுக்க வந்து சுற்றி உட்கார்ந்துவிடும். பால்பொடி ஒருத்தருக்கு, சோப்பு ஒருத்தருக்கு, தைலம் ஒருத்தருக்கு. இந்தப் பெட்டி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அவனும்தான் இருந்தோம். கயிற்றை அறுக்க எனக்குக் கை வரவில்லை. அவன்தான் அறுத்தான்.

சட்டைகள், லுங்கிகள், ஒரு கம்பளி, வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸ், ஒரு தட்டு, டம்ளர், வேதப்புத்தகம். எல்லாம் அழகாக மடித்திருந்தது. என் மனைவி ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். இன்னொன்றை எடுத்து வைத்தாள். கம்பளியை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்தாள். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"தொவச்சியளா மக்கா?"

"ஆமா மாமி. நாங்க ரூம்ல உள்ள எல்லாரும் சேந்து தொவச்சோம். அழுக்கோட எப்படி அனுப்பதுன்னுதான். பூட்ஸக்கூட தேய்ச்சுக் கழுவினோம்."

"நல்ல பிள்ளைய" என்றாள். சோப்பு வாசனை அறை முழுக்க நின்றது. அவன் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு அவள் அத்தனை துணியையும் ஒவ்வொன்றாக மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றிலும் என் மகன் இல்லை. அந்தப் பிள்ளைகள் மரியாதைக்காகச் செய்தார்கள். அவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

நாங்கள் குடியிருக்கிற வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது மகன் அனுப்பினதில் கட்டியது. அஞ்சுகிராமம் தாண்டி, காற்றாலைக் காற்றாடிகள் நிற்கிற பக்கம், மழை அபூர்வமாய் எட்டிப் பார்க்கிற செம்மண் நிலம். வாழைக்கும் வயலுக்கும் நடுவே பழைய வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தபோது வேறே நாட்டுக்கு வந்தது போலிருந்தது. உடைமரமும் பனையும் கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. வந்து வருஷம் திரும்பவில்லை. மாடியில் அவனுக்கு ஒரு அறை எடுக்கலாம் என்று இறக்கிப் போட்ட மணல் அப்படியே குவியலாகக் கிடந்தது.

பெட்டி வந்து இரண்டு மூன்று நாள் போயிருக்கும். பொழுது அடைகிற நேரம், அவள் பெட்டி வைத்திருந்த அறையில் விளக்குப் போடப் போனாள். கூச்சல் கேட்டு நான் விளக்குமாறோடு ஓடினேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து அது வந்தது. ஓடினது என்று சொல்ல முடியாது, காற்று ஒரு சருகைத் தள்ளிக்கொண்டு போவது போலப் போனது. சுவரோரம் நின்று முன்கை இரண்டையும் தூக்கிற்று. வைக்கோல் நிறம், ரோமம், அந்தத் தாடை. நான் விளக்குமாற்றை ஓங்கினேன். அவள் எனக்கும் அதற்கும் நடுவே வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க!"

"மாறு ஏட்டி, கடிச்சிரும்."

"இது அவன் காட்டின சாதனமாக்கும். அவனுக்க பெட்டியில ஏறி வந்திருக்கு. அவனுக்க கூட இருந்தது."

கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டிலில் ஏறுகிறவள், அதன் மேல் ஒரு சருவச்சட்டியைக் கவிழ்த்து மூடினாள்.

மகன் சிறுவயதில் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கிக் கழுவினாள். மாடிக்கென்று போட்ட மணலைச் சலித்து வெயிலில் காயவைத்து அரையடி உயரம் நிரப்பினாள். மேலே பலகை வைத்து மூடி, காற்றுக்கு ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டாள். பலகை வைத்தது நல்லதாகப் போயிற்று. அது முன்கை நுனியைக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி, வழுவழுப்பான சுவரில் பல்லி போல் ஏறக் கூடியது என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

பகலில் அது மணலைத் தோண்டி உள்ளே போய்விடும். தாடையால் மண்ணைக் கடித்து இளக்கி, காலால் வாரி பின்னால் தள்ளும். சாயங்கால ஜெபம் முடிகிற நேரத்துக்கு வெளியே வரும். இவள் பிடித்து வைத்திருக்கிற கரப்பானையோ வெட்டுக்கிளியையோ போடுவாள். தாடையில் அகப்பட்டால் முடிந்தது. ஒரு தாடை முன்னே போகும், மற்றது பின்னே வரும். மரம் அறுக்கிற வாள் மாதிரி. மொறுமொறு என்று சத்தம் கேட்கும். கடித்துக் கூழாக்கிச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். பசி என்றால் அப்படி ஒரு பசியை நான் கண்டதில்லை. போட்டால் தின்றுகொண்டே இருக்கும். வயிறு திராட்சைப்பழம் போலப் பெருத்து, கடைசியில் நகர முடியாமல் கிடக்கும்.

பக்கத்து வீட்டில் அவள் அக்காள் இருக்கிறாள். நாங்கள் இடம் வாங்கினபோது அவர்களும் சேர்ந்து வாங்கினார்கள். வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தாள்.

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? ஊருல உள்ளவ கோழி வளப்பா, ஆடு வளப்பா."

"கோழி வளத்தா நீ வந்து முட்டைய எடுத்திட்டுப் போவ. இத எடு பாப்போம்."

"இந்த மூஞ்சிய நான் எதுக்கு எடுக்கேன்? ஒனக்க மாப்பிள மூஞ்சியே தேவலாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்புக்காகவே அது அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சபையின் போதகர், எங்கள் ஐயர், ஆறுதல் சொல்ல வந்தார். வேதம் வாசித்து ஜெபம் ஆரம்பிக்கும்போது இது கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டே ஆமென் சொன்னார். தினம் எங்கள் வீட்டு ஜெபத்தில் அவள் அதற்கும் ஒரு வார்த்தை சேர்த்தாள். "தூர தேசத்திலிருந்து வந்த அந்த உயிரையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே." அதற்கும் நான் ஆமென் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் நிலத்துக்கு வேலி போட ஆள் வந்திருந்தது. கல்லுக்கால் நட இடம் ஒதுக்குவதற்காக நான் ஒரு பெரிய கல்லைக் கடப்பாறையால் புரட்டினேன். பத்து மணி வெயில். கல்லுக்கடியிலிருந்து அது வந்தது. அதே நிறம், அதே தாடை. நேரே என் காலுக்கு ஓடி வந்து என் நிழலுக்குள் நின்றது. நான் பின்னால் நகர்ந்தேன், அதுவும் வந்தது. தொட்டியிலிருந்து தப்பி வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேலிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. இந்தப் பக்கம் கல்லப் பொரட்டினா ஓடும்."

"இங்க உள்ளதா?"

"பின்னே? நான் சின்னப் பிள்ளையில இருந்தே பாக்கேன்."

"பேரு என்ன?"

"அதுக்கு எவன் அண்ணாச்சி பேரு வச்சான்? ஞானஸ்நானமா குடுத்தாவ?"

நான் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். மணலில் அதன் குழி இருந்தது, குழிவாயில் முன்கை நுனி தெரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள், "என்ன பாக்கீங்க?" ஒன்றுமில்லை என்றேன்.

அது பெட்டியில் ஏறி வந்ததில்லை. கதவிடுக்கு வழியாக விளக்கு வெளிச்சத்துக்கு வந்த பூச்சியைத் தின்ன வந்த, எங்கள் நிலத்துப் பிராணி அது. எங்களுக்கு முன்னாலிருந்தே இங்கே இருப்பது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் எழும்பவில்லை. ஒரு தரம் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இன்னொரு தரம் எதையாவது பிடுங்குவதா?

ஐப்பசி மழைக்கு வானம் மூட்டம் போடத் தொடங்கியது. அது திடீரென்று இரையைத் தொடாமல் கிடந்தது. வயிறு மட்டும் குறையவே இல்லை, வெளுத்துப் புடைத்துக்கொண்டே வந்தது. தோண்டும், விடும், மறுபடி வேறிடத்தில் தோண்டும். தொட்டியின் அடிக்கண்ணாடி தட்டுகிற வரைக்கும் போய்விட்டு, அதற்கு மேல் வழியில்லாமல் திரும்பி வரும். அவளுக்கு ராவும் பகலும் அதே கவலை. அக்காள்தான் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி, இது சூலியாக்கும். முட்டையிட எடம் தேடுது."

என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனில் தேடிப் பார்க்கச் சொன்னாள். தமிழில் ஒருவர் பேசியிருந்ததைக் கேட்டோம். பெண்பிராணி மண்ணில் ஆழமாகக் குழி எடுத்து முட்டையிடுமாம். ஆணுக்கு இணைசேர்ந்த பிறகு ஆயுசு அதிகமில்லையாம். பெண் அந்தக் குழியிலேயே காவல் கிடக்குமாம். எப்படிப் போனாலும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவது அபூர்வமாம். போனை அணைத்தவள் தொட்டிப் பலகையை நகர்த்தி உள்ளே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மொதல் பேறுல்லா. தாய்வீட்டுக்குத்தான் அனுப்பணும். இங்க மழ பெஞ்சா முட்ட எல்லாம் அழுகிப் போவும்."

அந்த முட்டத்துப் பையனுக்கு லீவு முடிகிற சமயம். அடுத்த நாளே சொல்லிக்கொள்ள வந்தான். எங்கள் பக்கத்தில் ஒருவன் வளைகுடாவுக்குப் போகிறானென்றால் அவன் பை அவனுடையதில்லை. ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். அவனும் மறுக்காமல் வாங்கி வைப்பான். ஏத்தங்காய் வற்றல், முந்திரிக்கொத்து, ஊறுகாய், கருவாடு. என் மனைவியும் எத்தனையோ பேர் கையில் அப்படிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த வழக்கத்தில்தான் கேட்டாள், அவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

"மக்கா, இத ஒரு டப்பாவுல மண்ணோட போட்டுத் தாறேன். அங்க கொண்டு போயி, நீங்க நிக்கிற எடத்துல விட்டிரு. சூலியாக்கும். பையப் பையக் கொண்டு போவணும்."

அவன் தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாமி... ஏர்போட்டுல பைய மெஷினுக்குள்ள விடுவான்..."

"கருவாட்ட விடுதான்லா?"

"கருவாடு காலத் தூக்கி ஆடாது மாமி."

"நீ வேணும்னா அதிகாரிக்கிட்ட சொல்லு. ஒரு தாய் குடுத்ததுன்னு சொல்லு."

அவன் வெளியே வந்தான். நானும் வந்தேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நான் வாங்கிட்டுப் போறேன். போற வழியில எங்கயாவது ஒரு காட்டுப் பக்கம் விட்டிருதேன். அங்க விட்டுட்டேன்னு ஒரு மெசேஜ் போட்டா மாமிக்கு சமாதானம். எனக்க அம்ம ஆயிருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

நல்ல மனசிலிருந்து வந்த யோசனை. அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை. நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். அன்று ஜெபத்தில் அவள், "இந்தத் தாயையும் பிள்ளைகளையும் சுகமாய்க் கொண்டு சேரும் ஆண்டவரே" என்றாள். என் முறை வந்தது. கண்ணை மூடினேன். ஆமென் வரவில்லை. மனுஷரிடம் எப்படியோ மழுப்பலாம். ஆண்டவரிடம் கேட்கிற காரியத்தில் பொய்யை வைத்துவிட்டு அதற்கு எப்படி ஆமென் சொல்வது?

"இங்க பாரு," என்றேன். "அது அவனுக்க பெட்டியில வரல்ல."

கல்லைப் புரட்டினதைச் சொன்னேன். வேலிக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"எப்ப பாத்தீங்க?"

"வேலி போட்ட அன்னிக்கு."

"வேலி போட்டு எத்தன நாளாச்சு." அது கேள்வி இல்லை. "நாளைக்குக் காலத்த அந்த எடத்தக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

விடிந்து வெயில் ஏறின பிறகு இரண்டு பேரும் நிலத்துக்குப் போனோம். நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டேன். முதல் கல்லடியில் எறும்பு. அடுத்ததில் ஒரு தேள். ஒவ்வொரு கல்லையும் புரட்டும்போது என் உள்ளுக்குள் ஒரு ஜெபம் ஓடியது, கிடைக்காமல் போகட்டும் ஆண்டவரே என்று. உண்மையைச் சொன்னவனே அது பொய்யாக வேண்டுமென்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவள், "அதப் பொரட்டுங்க, இதப் பொரட்டுங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

உடைமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சப்பட்டைக் கல். புரட்டினேன். புறப்பட்டது. வெயில் பட்டதும் ஒரு கணம் நின்று திணறிவிட்டு, அவளைப் பார்த்து ஓடியது. அவள் சேலை நிழலுக்குள் போய் ஒடுங்கிற்று. அவள் குனிந்து பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அதுவும் வந்தது. இன்னொரு எட்டு வைத்தாள். அதுவும் வந்தது.

"எதுக்கு எனக்க பின்னால வாற?" என்று அதைக் கேட்டாள். "எனக்க கையில ஒண்ணும் இல்ல. போ. போ."

அது போகவில்லை. அவள் அந்த இடத்திலேயே, மண்ணில், உட்கார்ந்து அழத் தொடங்கினாள். கல்லறைத் தோட்டத்தில் அழாத அழுகை அது. பெட்டி திறந்த அன்று அழாததும் அதில் இருந்தது. காற்றாடிகள் சுற்றுகிற சத்தத்துக்கு மேல் அது கேட்டது. நான் பக்கத்தில் கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டு ஆறுதல் சொல்லப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். "நான் ஒண்ணும் கேக்கலியே ஒங்ககிட்ட."

உண்மை மனுஷனை விடுவிக்கும் என்றுதான் நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது இன்னும் யாரையும் விடுவிக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று ஒரு சமயம் தோன்றும். அந்தப் பையன் சொன்னபடி விட்டிருக்கலாம் என்று ஒரு சமயம் தோன்றும். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்குத் தெளிவில்லை.

அன்று சாயங்காலம் தொட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய், மேடான இடத்தில், மழைத்தண்ணீர் நில்லாத ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மணலோடு சாய்த்தோம். அது மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு கல்லோரம் போய் உடனே தோண்ட ஆரம்பித்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? மண் பின்னால் தெறித்து விழுந்தது, கொஞ்ச நேரத்தில் குழி வாயும் மூடிப்போயிற்று. அவள் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்த மண்ணையும் அங்கேயே உதிர்த்துவிட்டு நடந்தாள்.

பையன் வந்தபோது அவள் அடுப்படியிலிருந்து ஏத்தங்காய் வற்றல் பொட்டலங்களைக் கொண்டு வந்தாள். அறையில் இருக்கிற எல்லாருக்கும் என்று தனித்தனியாகக் கட்டியிருந்தாள், என் மகன் இருந்தபோது கட்டுவது போல. பூச்சியைப் பற்றி அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான். பையைத் தோளில் போட்டவனை வாசலில் நிறுத்தினாள்.

"மக்கா, அடுத்த லீவுக்கு வரும்போ அங்கேருந்து ஒரு பிடி மண்ணு கொண்டு வருவியா?"

"கொண்டு வாறேன் மாமி. அவன் விழுந்த எடத்துலேருந்தே எடுத்திட்டு வாறேன்."

"வேண்டாம். அங்க நீ போவாண்டாம். ரூமுக்கு வெளிய உள்ள மண்ணு போதும். கழுவாம கொண்டு வா." அவன் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். "வெயிலு நல்லா சாஞ்ச பெறகு எறங்கி அள்ளு. பட்டப்பகல்ல தலைய மூடாம நிக்கப்பிடாது. மேஸ்திரி சத்தம் போட்டா போடட்டும், நீ நெழல்ல போயி இரி. கேட்டியா?"

"கேட்டேன் மாமி."

"தண்ணி குடி."

"குடிக்கேன் மாமி."

அஞ்சுகிராமத்திலிருந்து வருகிற பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அவன் ஓடினான்.